உடைந்ததைக் கூலியில் கழிக்கும் முதலாளிமாருக்கு

திருகோணமலை, உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல், விடுதி உரிமையாளர்களுக்கும், அவர்களுக்கு வேலை எடுத்துச் செய்யும் கட்டட ஒப்பந்தகாரர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

வேலைத்தளத்தில் ஒரு பொருள் உடைந்தாலோ எரிந்தாலோ அதன் விலையைக் கரண்ட் வேலைக்காரனின் கூலியில் கழிப்பது நம் ஊரில் எழுதாத சட்டமாகிவிட்டது. குளியலறை டைல் வெடித்தால் கழிவு. ஏசியின் சர்க்கிட் போர்ட் கருகினால் கழிவு. சீலிங்குக்கு மேலே ஏறினவன் ஜிப்சம் தகட்டோடு கீழே விழுந்தால், ஆளுக்கு அடி பட்டதா என்று கேட்பதற்கு முதலே தகட்டின் விலை கேட்கப்படுகிறது. சனிக்கிழமை பின்னேரம் காசு எண்ணும்போது ‘டமேஜ்’ என்று ஒரு சொல் வரும். அதோடு கதை முடிந்துவிடும். ஏன் உடைந்தது, எப்படி எரிந்தது என்று யாரும் கேட்பதில்லை. கடைசியாகக் கை வைத்தவன் யார் என்பது மட்டும்தான் கேள்வி.

இரக்கம் கேட்டு இதை எழுதவில்லை. இந்தக் கழிவு உங்களுக்கே நட்டம் என்று சொல்ல எழுதுகிறேன். கூலியில் கழித்தால் ஆட்கள் கவனமாக வேலை செய்வார்கள் என்பது உங்கள் கணக்கு. நடப்பது வேறு. கவனம் கூடுவதில்லை, மறைப்புத்தான் கூடுகிறது. மறைத்ததெல்லாம் உங்கள் சுவருக்குள்தான் இருக்கிறது.

மறைப்பு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். அறை ஒன்றில் புதிதாக ஒரு நிலைக்கண்ணாடி பூட்ட வேண்டும். சுவருக்குள் வயர் பைப் எந்த வழியால் போகிறது என்று சொல்ல ஆள் இல்லை. வயரிங் வரைபடம் என்று ஒன்று அந்தக் கட்டடத்துக்கு இருந்ததே இல்லை. சுவிட்சுக்கும் பிளக் பொயின்ட்டுக்கும் நேர் மேலேயோ நேர் பக்கமாகவோதான் வயர் போக வேண்டும் என்பது நாங்கள் படித்த முறை. போர் முடிந்த 2009க்குப் பிறகு இந்தக் கரையில் அவசரம் அவசரமாக எழும்பிய பல கட்டடங்களில் வயர் குறுக்காலும் கோணலாகவும், கட்டினவனுக்கு எது கிட்டவோ அந்த வழியால் போயிருக்கிறது. டிரில் இறங்குகிறது. முதலில் சீமெந்தின் சாம்பல் தூள் கொட்டும். பிறகு பைப்பின் வெள்ளைத் தூள். அதற்குப் பிறகு, பிட் நுனியில் சுற்றிக்கொண்டு மண்ணிறத்தில் மெல்லிய ஒரு சுருள். அந்தச் சுருளைக் கண்டதும் டிரில் பிடித்தவனுக்குத் தெரியும், பிளக் பொயின்ட்டுக்குப் போகிற 7/0.67 வயரின் தோல் போய்விட்டது.

இதற்குச் சரியான வைத்தியம் ஒன்றுதான். பெட்டிக்குப் பெட்டி அந்த வயரை முழுதாக உருவி எடுத்துவிட்டுப் புதிய வயர் இழுக்க வேண்டும். பைப்பில் வளைவு கூடி வயர் வராவிட்டால் சுவரைத் திறக்க வேண்டும். பிறகு மேசன், பிறகு பெயின்ட். ஒரு நாள் போய்விடும். டிரில் பிடித்த பெடியன் இந்த நாட்கூலி, வயர் விலை, மேசன் கூலி, பெயின்ட் எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறான். கூட்டுத்தொகை அவனுடைய அந்த வாரத்தைத் தின்றுவிடும். உளியால் உள்ளங்கை அகலம் தட்டி எடுத்து, டேப் சுற்றி, உள்ளே தள்ளி, மேலே புட்டி பூசி, அதன் மேல் கண்ணாடியைப் பூட்டிவிடுகிறான். பின்னேரம் உங்கள் மனேஜர் வந்து பார்த்து “வடிவா இருக்கு” என்கிறார்.

சீசன் முழுவதும் அந்தச் சுவர் ஒன்றும் சொல்லாது. மே, ஜூன், ஜூலை என்று கச்சான் காற்றும் வெயிலுமாக எல்லாம் காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு மழை இறங்கும்போதுதான் சுவர் ஊறும். கடலுக்குக் கிட்ட உள்ள சுவரில் ஈரம் என்றால் உப்பும் சேர்ந்த ஈரம். சீமெந்துக்குள் புதைந்த டேப்பின் பசை அதற்குள் விட்டுப்போயிருக்கும். கரண்ட் கசியத் தொடங்கும், ட்ரிப் சுவிட்ச் விழும். நீங்கள் எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு, “தம்பி, இது சும்மா சும்மா விழுது, அதை விட்டுட்டு நேராக் குடு” என்பீர்கள்.

ட்ரிப் சுவிட்ச் சும்மா விழுவதில்லை. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதே அதன் வேலை. வீடுகளிலும் அறைகளிலும் போடுவது 30 மில்லி அம்பியர் வித்தியாசத்துக்குள் விழுகிற ஜாதி. ஏர்த், அதாவது கசிகிற கரண்டை நிலத்துக்குள் இறக்குகிற கம்பி, ஒழுங்காக இருந்தால், கசிவு ஏர்த் வழியே போகும்போதே விழுந்துவிடும். ஏர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகு, அந்த ஆளின் உடம்பு வழியாகக் கரண்ட் போனால்தான் விழும். நிலாவெளியில் மேல் மணல் சீசனில் காய்ந்து கிடக்கும். ஈரம் கிடைக்கிற ஆழத்துக்கு ஏர்த் கம்பியை இறக்காவிட்டால் அது மணலில் நட்ட வெறும் கம்பிதான். உவர்மலைப் பக்கம் பாறை. கம்பி பாதியில் நின்றுவிடும், மீதியை வெட்டிவிட்டுக் கிளாம்ப் போட்டு மூடிவிடுவார்கள். வெட்டினவனைக் கேட்டால், ஆழத் தோண்டக் கூலி பேசவில்லை என்பான். அவன் சொல்வது பொய்யும் இல்லை. இப்படி ஏர்த் இல்லாத இடத்தில் ட்ரிப்பையும் எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தால், குளியலறைக் குழாயைத் தொடுகிற விருந்தாளிக்கும் கரண்டுக்கும் நடுவில் வேறு காவல் இல்லை.

ஆரம்பம் ஒரு கண்ணாடி பூட்டியது. உண்மையைச் சொல்லியிருந்தால் உங்களுக்கு ஒரு நாள் வேலை செலவாகியிருக்கும். அதைக் கூலியில் கழிப்பீர்கள் என்ற பயத்தால் அவன் சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனிச் சொல்வதெல்லாம் இதற்கான சாட்சி.

அடுத்தது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயரின் கதை. ஹோட்டல்காரர்களுக்கு அதிகம் செலவு வைப்பதும் இதுதான். மூன்று பேஸ், அதாவது மூன்று வயரில் தனித்தனியாகக் கரண்ட் வருகிற இடங்களில் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட், பேஸுக்கும் பேஸுக்கும் நடுவில் 400 வோல்ட். அறைகளை மூன்று பேஸுக்கும் பிரித்துக் கொடுத்திருப்போம். பொதுவாகத் திரும்புகிற நியூட்ரல் விட்டுப்போனால் அறைகள் ஒன்றோடொன்று தொடுத்தபடி 400 வோல்டுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். ஏசியும் ஹீட்டரும் ஓடுகிற பக்கம் வோல்டேஜ் விழும். ஒரு ரி.வி.யும் இரண்டு பல்பும் மட்டும் எரிகிற பக்கம் ஏறும், சில நேரம் 350ஐயும் தாண்டும். ரி.வி., வைஃபை பெட்டி, பிரிட்ஜ், சி.சி.டி.வி. பெட்டி, விருந்தாளி சார்ஜில் போட்ட போன், எல்லாம் ஒரே நிமிடத்தில் போய்விடும்.

நியூட்ரல் ஏன் விடுகிறது? மின்சாரக் கம்பத்திலிருந்து வருவது அலுமினியம், உள்ளே நாங்கள் போடுவது செம்பு. இரண்டும் சேர்கிற இடத்தில் உரிய கனெக்டர் போடாமல் முறுக்கிவிட்டால், உப்புக் காற்று அந்த முடிச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். கரண்டை அறைகளுக்குப் பிரித்து அனுப்புகிற டிபி பெட்டி ஒன்றை, கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் திறந்து பாருங்கள். நியூட்ரல் கட்டையின் ஆணிகளில் பச்சைப் பூஞ்சணம் மாதிரிப் படிந்திருக்கும், சில ஆணி திருகினால் தலை மட்டும் கையோடு வரும். இந்த நிலையில் உள்ள பெட்டிக்குள் ஒரு புதிய பிரேக்கர் பூட்ட எங்களைக் கூப்பிடுகிறீர்கள். மெயினை நிறுத்த விடமாட்டீர்கள், அறைகளில் ஆட்கள் இருக்கிறார்கள். கை உள்ளே போகிறது, பக்கத்தில் இருக்கிற பழைய வயர் அசைகிறது, அவ்வளவுதான்.

அப்படி ஒரு நாள் எனக்குக் கிட்டவே நடந்தது. மேல் மாடியில் பல்புகள் முதலில் பளீரென்று வெளிச்சம் கூடின. அதைப் பார்த்தவுடன் எங்களோடு நின்ற மூத்தவர் “மெயினை விழுத்துடா” என்று கத்திக்கொண்டே ஓடினார். விழுத்துவதற்குள் இரண்டு மூன்று அறைகளிலிருந்து எரிந்த வாடை வந்துவிட்டது. உரிமையாளர் வந்தார். “யார் கை வைச்சது?” என்றார். மூத்தவர் டோர்ச் அடித்து அந்த முடிச்சைக் காட்டினார். கறுத்து, பொரிந்து, கையால் தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது. “இது இண்டைக்கு வந்த கருக்கல் இல்லை ஐயா, வருசக் கணக்கா சூடேறி இருக்கு.” உரிமையாளர் எட்டிப் பார்க்கவில்லை. “நேற்று வரைக்கும் எரிஞ்சதுதானே?” என்றார். நல்ல மனிதர்தான், கோயில் திருவிழாவுக்கு அள்ளிக் கொடுக்கிறவர். ஆனாலும் அந்த வேலையின் மீதிக் காசு எங்களுக்கு வரவே இல்லை.

‘நேற்று வரைக்கும் எரிஞ்சதுதானே’ என்பதை இந்தத் தொழிலில் எல்லோரும் கேட்டிருப்போம். ஒரு கட்டடத்தில் பத்து வருடமாகச் சேர்ந்த கோளாறு, அதைத் திறந்து பார்த்தவனின் பெயரில் பதியப்படுகிறது.

நிறக் குழப்பமும் இப்படித்தான். பழைய வயரிங்கில் மூன்று பேஸுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரல் கறுப்பு. புதிய முறையில் நீலம்தான் நியூட்ரல், கறுப்பு ஒரு பேஸ். இரண்டு முறையும் கலந்த கட்டடம் நம் ஊரில் ஏராளம். பழைய கட்டடத்துக்குப் பின்னால் புதிய மாடி எழுப்பியிருப்பீர்கள், நடுவில் ஒரு பெட்டியில் இரண்டும் சந்திக்கும். அங்கே நீல வயரைக் கண்டு நியூட்ரல் என்று நம்பிப் பூட்டினால், அந்தப் பிளக்கில் 400 வோல்ட் வந்துவிடலாம். மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் தெரியும். பார்க்க நேரம் வேண்டும். பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதத்தில் எது என்ன என்று யாராவது எழுதி ஒட்டியிருந்தால் அந்த நேரம்கூட வேண்டாம். எழுதி ஒட்டின பெட்டியைக் காண்பது அபூர்வம்.

பெயர் எழுதாத பிரேக்கரால் இன்னொரு கூத்தும் உண்டு. இது குச்சவெளிப் பக்கத்தில் ஒருவர் சொன்ன கதை. வெளிப்புற விளக்குக்கு வேலை செய்யப் பின்னேரம் ஒரு பிரேக்கரை விழுத்தியிருக்கிறார்கள். விளக்கோடு சேர்ந்து குசினிக்குப் பின்னால் இருந்த பெரிய பிரீசரும் நின்றுவிட்டது, அது யாருக்கும் தெரியாது. மறுநாள் மூடியைத் திறந்தால் பாரையும் இறாலும் கணவாயும் தண்ணீருக்குள் மிதக்கிறது. பெருநாள் வாரம், முழுக் கொள்முதல். அந்தக் காசை ஒரு வயர்மேனின் கூலியில் பிடிக்க வேண்டும் என்றால் அவர் மாதக் கணக்கில் சும்மா வேலை செய்ய வேண்டும். செய்தார், சில கிழமை. பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. முதலாளிக்குப் போன மீன் போனதுதான், வேலை தெரிந்த ஓர் ஆளும் போய்விட்டார். பிரேக்கருக்குப் பெயர் எழுதி ஒட்ட ஒரு மார்க்கர் பேனா போதும்.

சோதனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெகர் என்று ஒரு கருவி இருக்கிறது. வயரின் தோல் நன்றாக இருக்கிறதா என்று 500 வோல்ட் அனுப்பிப் பார்ப்பது. நான் மேலே சொன்ன, கண்ணாடிக்குப் பின்னால் டேப் சுற்றிய வயரைக் கண்டுபிடிக்கக் கூடிய கருவி இதுதான். ஆனால் சோதிக்க முதல் ரி.வி., எல்.ஈ.டி. விளக்கு, டிம்மர், ஏசி எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த 500 வோல்டில் அவற்றின் உள்ளே உள்ள சில்லுகள் செத்துவிடும். கழற்ற ஒரு நாள், பூட்ட ஒரு நாள். “மார்ச் முடியிறதுக்குள்ள அறை வேணும்” என்கிறவரிடம் இந்த இரண்டு நாளைக் கேட்க யாருக்கும் வாய் வராது. கழற்றாமல் அவசரத்தில் சோதித்து எதையாவது எரித்தால் கழிவு. சோதிக்காமலே விட்டால் கழிவு இல்லை. அப்போது வேலைக்காரன் எதைச் செய்வான் என்று நீங்களே சொல்லுங்கள்.

முன்பும் இந்தப் பழக்கம் இருந்ததுதானே, இப்போது ஏன் எழுதுகிறாய் என்று கேட்கலாம். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். 200 ரூபாய்ச் சுற்றில் இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. செம்பு டொலரில் வருகிறது, ஏசி போர்ட் டொலரில் வருகிறது, பிரேக்கரும் அப்படித்தான். எங்கள் கூலி டொலரில் ஏறவில்லை. முன்பு ஒரு பொருள் உடைந்தால் நாலைந்து நாள் கூலியில் ஈடுகட்டினோம். இப்போது இன்வெர்ட்டர் ஏசி ஒன்றின் போர்ட், கையாள் பெடியன் ஒருவனின் மாதத்தையே விழுங்கிவிடும். பொருளின் விலைக்கும் கூலிக்கும் நடுவில் பள்ளம் கூடக் கூட, உண்மையைச் சொல்கிற துணிவும் குறைகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்ப்போம். 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர, அதுவும் தொழிலாளியின் சம்மதத்தோடு கழிப்பதைத் தவிர, சம்பளத்தை முழுதாகக் கையில் கொடுக்கச் சொல்கிறது. கட்டடத் தொழிலுக்கும் சம்பளச் சபை உண்டு. வேலையில் அடிபட்டால் நட்டஈடு கொடுப்பதற்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆக, இந்த நாட்டில் தொண்ணூறு வருடமாக, வேலைத்தளத்தில் அடிபடுகிற ஆளுக்கு முதலாளி கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நடப்பிலோ உடைகிற பொருளுக்கு ஆள் கொடுக்கிறான். எங்களில் அநேகருக்கு நியமனக் கடிதம் இல்லை, ஊழியர் சேமலாப நிதி இல்லை. தொழில் திணைக்களத்தின் படியில் ஏறினால் அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால் சட்டத்தைக் காட்டி மிரட்ட நான் வரவில்லை. சட்டமும் எங்கள் பக்கம்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

பெரிய இடங்களில் இப்படியானதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று யோசியுங்கள். 2020 ஆகஸ்ட் 17ஆம் திகதி நாடு முழுவதும் மணிக்கணக்கில் இருட்டாகக் கிடந்தது. கெரவலப்பிட்டிய மின் உபநிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது நடந்த தவறு. குழு போட்டு விசாரித்தார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி மறுபடியும் இருட்டு, பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு புகுந்தது என்றார் அமைச்சர். குரங்கின் கூலியில் கழிக்க வழி இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வழி இல்லாதபடியால், ஓர் இடத்துக் கோளாறு எப்படி முழு நாட்டையும் விழுத்தியது என்று கேட்க வேண்டி வந்தது. அந்தக் கேள்வியைத்தான் உங்கள் டிபி பெட்டிக்கு முன்னால் நின்றும் கேட்கச் சொல்கிறேன்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். “எங்கட காசில நீங்க வேலை பழகுறீங்களா?” என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு வந்தவனெல்லாம் எலெக்ட்ரிசியன் என்று ஆகிவிட்ட ஊர் இது. பிரேக்கர் நிறுத்தாமல் கை வைக்கிறவன் இருக்கிறான். குடித்துவிட்டு ஏணியில் ஏறுகிறவன் இருக்கிறான். அஸ்பெஸ்டோஸ் கூரையில் மரத்தின் மேல் கால் வைக்காமல் சீட்டின் நடுவில் நடந்து உடைக்கிறவனும் இருக்கிறான். இவர்களிடம் கேளுங்கள், கழியுங்கள், வேலைக்குக் கூப்பிடாமலும் விடுங்கள். நான் தடுக்க மாட்டேன். என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டே வேலை கொடுங்கள். ஆனால் சான்றிதழ் உள்ளவன் கேட்கிற கூலி கூட என்று அவனை விட்டுவிட்டு, குறைந்த கூலிக்காரனை எடுத்து, அவன் உடைத்ததையும் அவன் கூலியிலேயே பிடிப்பது என்ன கணக்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒப்பந்தகாரர்களுக்குத் தனியாக ஒரு சொல். முதலாளியிடம் வேலை எடுக்கும்போது உங்கள் விலையில் சேதத்துக்கென்று ஒரு தொகையைச் சேர்த்துத்தான் போடுகிறீர்கள், போடாதவர் இந்தத் தொழிலில் நிலைக்க மாட்டார். பெரிய வேலைகளுக்கு ஒப்பந்தகாரர் காப்புறுதி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படியிருக்க, உடைந்ததை மறுபடியும் பெடியன்களிடம் பிடித்தால் ஒரே சேதத்துக்கு இரண்டு தரம் காசு வாங்கினதாக ஆகிறது. இதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்றில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வேலை தொடங்க முதல் நீங்கள் ஒருவர், நாங்கள் ஒருவர், கட்டடத்தைச் சுற்றி நடப்போம். டிபி பெட்டிகளைத் திறந்து போனில் படம் எடுப்போம். நியூட்ரல் முடிச்சு, ஏர்த், ட்ரிப் வேலை செய்கிறதா இல்லையா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைப்போம். அதில் இருந்த பழைய கோளாறு பிறகு வெடித்தால் அது எங்கள் கணக்கில் வரக்கூடாது. அதே தாளில், சொன்னபடி வேலை செய்யும்போது தற்செயலாக உடைவது வேலைச் செலவு, கவனக் குறைவால் உடைவது எங்கள் செலவு என்று எழுதுவோம். எது எந்த வகை என்பதில் தகராறு வந்தால், இருவருக்கும் சொந்தமில்லாத, வேலை தெரிந்த மூன்றாம் ஆள் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். கிண்ணியாவிலும் மூதூரிலும் பாலையூற்றிலும் அப்படிப் பெயர் எடுத்த மூத்தவர்கள் இருக்கிறார்கள். மெயினை நிறுத்த வேண்டிய வேலைக்கு மெயினை நிறுத்த விடுங்கள். வேலை முடிந்ததும் சோதிக்கத் தேவையான நாளை ஆரம்பத்திலேயே கணக்கில் சேருங்கள்.

பதிலுக்கு நாங்கள் தருவது, நடந்ததை அன்றைக்கே சொல்வது. வயரில் பிட் பட்டால் மூட மாட்டோம், கூப்பிட்டுக் காட்டுவோம், படம் எடுப்போம். ட்ரிப் சுவிட்சை விட்டுவிட்டு நேராகக் கொடுக்கச் சொன்னால், எவ்வளவு தந்தாலும் கொடுக்க மாட்டோம். இதை எல்லா எலெக்ட்ரிசியன்களின் சார்பிலும் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. இந்த மடலை அனுப்ப முதல் நான் கதைத்தவர்கள் இதற்குச் சம்மதித்தவர்கள், என்னையும் சேர்த்து.

கடைசியாக ஒன்று. இதற்குக் காகிதம் தேவையில்லை, காசும் தேவையில்லை. இந்த முறை வேலை தொடங்குகிற முதல் நாள், எல்லோரையும் நிற்க வைத்து, “இதுவரைக்கும் இந்தக் கட்டடத்துக்குள்ள எவர் எதை வெட்டி மூடியிருந்தாலும் சொல்லுங்க, ஒரு சதமும் கழிக்க மாட்டன்” என்று சொல்லுங்கள். மனேஜரை விட்டுச் சொல்லவைக்காமல் நீங்களே சொல்லுங்கள். முதலில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தேத்தண்ணி நேரம் கழிந்து ஒருவன் வந்து, மேல் மாடி மூலை அறையில் கட்டில் தலைமாட்டுச் சுவரை ஒருக்காப் பார்க்கச் சொல்லுவான். அவன் பெயரைக் கேட்காமல் சுவரைத் திறவுங்கள். மெகரோடு நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
திருகோணமலையில் கரண்ட் வேலை செய்யும் ஒருவன்